சூடேற்றாமல் வாயுவை அறிய முடியுமா? ஆக்சைடு மென்படல சென்சார்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களில் கிணறு என்றால் பாறையைக் குடைந்து வெட்டிய ஆழமான கிணறுதான். தூர் வார ஆள் இறங்குவதற்கு முன்னால் எரிகிற விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது. ஆனால் அந்த விளக்கால் ஆக்சிஜன் குறைந்திருப்பதை மட்டும்தான் சொல்ல முடியும். டீசல் என்ஜின் ஓடிய கிணற்றில் ஆளைச் சாய்க்கிற அளவுக்குக் கார்பன் மோனாக்சைடு தேங்கியிருந்தாலும் விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருக்கும். கழிவுநீர்த் தொட்டியில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு அழுகிய முட்டை நாற்றம் உண்டு. ஆனால் அதன் அளவு 100 பிபிஎம்மைத் தொடும்போது மூக்கு மரத்துப்போய், நாற்றம் நின்றுவிட்டது என்று தோன்றும். மீத்தேன் சேர்ந்திருந்தாலோ விளக்கை இறக்குவதே ஆபத்து.

பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பத்து லிட்டர் கொள்ளும் பெட்டிக்குள் ஒரு மில்லி லிட்டர் அம்மோனியா வாயுவைச் செலுத்தினால் உள்ளே 100 பிபிஎம் இருக்கும்.

நம் பக்கத்தில் இந்தத் தேவை கிணற்றோடு நிற்பதில்லை. பெரிய குளிர்பதனக் கிடங்குகளில் குளிரூட்டியாக ஓடுவது அம்மோனியா. ஒரு வால்வு கசிந்தாலும் முதலில் பாதிக்கப்படுவது உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பவர்தான். கோழிப்பண்ணையில் எச்சத்திலிருந்தும், பட்டுப்புழு வளர்ப்பு மனையில் கழிவுப் படுக்கையிலிருந்தும் அதே அம்மோனியா எழும்புகிறது. மாம்பழ சீசனில் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதற்குத் தடை உண்டு. அதற்குப் பதிலாக எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரை பயன்படுத்தலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்திருக்கிறது. அப்படியானால் அறைக்குள் எவ்வளவு எத்திலீன் இருக்கிறது என்று யாராவது அளந்தாக வேண்டும்.

இதற்கெல்லாம் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் அளவில், பட்டன் செல்லில் மாதக்கணக்கில் ஓடும், விலை குறைந்த ஒரு கேஸ் சென்சார் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அதைச் செய்யத் தேவையான பொருள் புதிதோ அரிதோ இல்லை. வெயிலுக்குப் பூசும் க்ரீமில் இருக்கும் துத்தநாக ஆக்சைடே போதும். தடையாக நிற்பது ஒரு ஹீட்டர். அந்த ஹீட்டர் ஏன் இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் என்னென்ன கெடுகிறது, கெட்டதை வேறு எந்த வழிகளில் சரிசெய்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

படலம் வாயுவை எப்படி அறிகிறது

துத்தநாக ஆக்சைடு, டின் ஆக்சைடு, டங்ஸ்டன் ஆக்சைடு, இண்டியம் ஆக்சைடு ஆகியவை குறைக்கடத்திகள். செம்பு போல மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்துவதும் இல்லை, கண்ணாடி போல முழுதாகத் தடுப்பதும் இல்லை. இவற்றின் படிகத்தில் அங்கங்கே ஆக்சிஜன் அணுக்கள் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். பெரும்பாலும் அதுபோன்ற குறைகளால்தான் கொஞ்சம் எலக்ட்ரான்கள் கட்டுப்பாடு இல்லாமல் நடமாடுகின்றன. மின்சாரத்தைச் சுமப்பது அவைதான். எதிர்மின் எலக்ட்ரான் சுமப்பதால் இவற்றை என்-வகை என்கிறோம். காப்பர் ஆக்சைடு, நிக்கல் ஆக்சைடு போன்றவை இதற்கு நேர்மாறான பி-வகை; அவற்றில் எலக்ட்ரான் இல்லாத காலியிடம், அதாவது துளை, மின்சாரத்தைச் சுமக்கிறது.

என்-வகைப் படலம் ஒன்றைச் சாதாரணக் காற்றில் வைத்தால், காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகள் அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு படலத்திலிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும். பறிகொடுத்த பகுதி, அதாவது மேற்பரப்பை ஒட்டிய சில நானோமீட்டர் ஆழம், எலக்ட்ரான் வறண்ட அடுக்காகிவிடும். மின்தடை ஏறும்.

அப்புறம் அம்மோனியா வருகிறது. அது மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறிப் போகிறது. ஆக்சிஜன் பிடித்து வைத்திருந்த எலக்ட்ரான்கள் படலத்துக்கே திரும்புகின்றன. மின்தடை இறங்குகிறது. சுத்தமான காற்றில் 10 மெகா ஓமாக இருந்தது வாயு பட்டதும் 2 மெகா ஓமுக்கு வந்தால், சென்சாரின் துலங்கல் 5 என்று எழுதுவார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு, எல்பிஜி, எத்திலீன் எல்லாம் இந்தப் பக்கம். நைட்ரஜன் டைஆக்சைடு மட்டும் எதிர்ப்பக்கம்: அதுவே எலக்ட்ரானைப் பறிக்கும் வாயு என்பதால் மின்தடை இன்னும் ஏறும். பி-வகைப் படலத்தில் எல்லாமே தலைகீழ்.

இனி, படலம் ஏன் மெல்லியதாக, அதுவும் நுண்ணிய மணிகளால் ஆனதாக இருக்க வேண்டும் என்று பார்ப்போம். கிருஷ்ணகிரி அணையிலிருந்து போகும் வாய்க்கால்களைப் பார்த்திருப்பீர்கள். பெரிய வாய்க்காலில் இரு கரையிலும் ஒரு சாண் வண்டல் படிந்தால் தண்ணீர் ஓட்டத்தில் பெரிய மாற்றம் தெரியாது. வயலுக்குள் போகிற இரண்டு சாண் அகலக் கால்வாயில் அதே ஒரு சாண் வண்டல் இரு பக்கமும் படிந்தால் தண்ணீர் நின்றே போகும். ஆக்சைடு மணிக்குள் எலக்ட்ரான் ஓடுவதும் இப்படித்தான். எலக்ட்ரான் வறண்ட அடுக்கின் ஆழம் டின் ஆக்சைடில் சுமார் 3 நானோமீட்டர். மணியின் விட்டம் 100 நானோமீட்டர் என்றால் வாயு வந்தாலும் போனாலும் உட்பகுதியில் ஓட்டம் அப்படியே இருக்கும். விட்டம் 6 நானோமீட்டரை நெருங்கினால் இரு பக்க அடுக்குகளும் தொட்டுக்கொண்டு ஓட்டத்தையே அடைக்கும். அப்போது மேற்பரப்பில் நடக்கும் சின்ன மாற்றமும் மின்தடையில் பெரிதாகத் தெரியும். ஜப்பானின் யமசோயே குழு 1991இல் டின் ஆக்சைடில் இதை அளந்து காட்டியது: மணியின் அளவு அந்த 6 நானோமீட்டர் எல்லையை நெருங்கியதும் உணர்திறன் செங்குத்தாக ஏறியது. இந்தத் துறையில் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய முடிவு இதுதான் என்பேன்.

ஹீட்டர் செய்யும் வேலைகள்

1962இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் டெட்சுரோ செய்யாமாவும் உடனிருந்தவர்களும் துத்தநாக ஆக்சைடின் மெல்லிய படலம் ஒன்றை 400 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அதன் மின்தடை மாறுவதைக் கொண்டு வாயுக்களை அறியலாம் என்று வெளியிட்டார்கள். அதே காலத்தில் நவோயோஷி டகுச்சி டின் ஆக்சைடை வைத்து, வீட்டுக்கான எரிவாயுக் கசிவு அலாரத்தை உருவாக்கினார். இன்று சமையலறைச் சுவரில் மாட்டும் எல்பிஜி அலாரங்கள் பலவற்றின் மூதாதை அதுதான்.

மின்னணுக் கடையில் மாணவர்கள் வாங்கும் எம்கியூ-2, எம்கியூ-135 போன்ற சென்சார்களும் அதே வம்சம். உள்ளே டின் ஆக்சைடு, அதற்குள் ஒரு ஹீட்டர், வெளியே எஃகு வலை. அந்த வலை சும்மா இல்லை. உள்ளே சூடாக இருப்பதால், எரியும் வாயு உள்ளே பற்றினாலும் தீ வெளியே பரவாமல் தடுக்க அது வேண்டும். ஹீட்டர் சுமார் 33 ஓம், 5 வோல்ட்டில் ஓடுகிறது. கணக்குப் போட்டால் 150 மில்லி ஆம்பியர், முக்கால் வாட். ஒரு நாள் முழுக்க ஓடினால் 18 வாட்-மணி. 5000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட ஒரு செல்போன் பேட்டரி கிட்டத்தட்ட ஒரே நாளில் காலி. சுவரில் பிளக்கில் மாட்டிவைக்க இது போதும். கிணற்றில் இறங்குபவர் பையில் போட்டுக்கொள்ள முடியாது.

ஹீட்டர் இல்லாத ஒரு மெகா ஓம் படலத்துக்கு 3 வோல்ட் கொடுத்தால் ஓடுவது 3 மைக்ரோ ஆம்பியர். படலத்தின் பங்கை மட்டும் எடுத்தால் ஒரு பட்டன் செல் பல வருடங்கள் தாங்கும். வித்தியாசம் இவ்வளவு பெரிது என்பதால்தான் உலகம் முழுக்க ஆய்வாளர்கள் அறை வெப்பநிலையில் இயங்கும் சென்சாரைத் துரத்துகிறார்கள்.

சரி, ஹீட்டரை எடுத்துவிடலாமே? எடுத்தால் ஒரே நேரத்தில் நான்கு வேலைகள் நின்றுபோகும். சூடான பரப்பில், ஏறக்குறைய 150 டிகிரிக்கு மேல், ஒட்டிய ஆக்சிஜன் மூலக்கூறு உடைந்து தனி அணுவாக நிற்கிறது. அதன் வினைத்திறன் மிக அதிகம். குளிர்ந்த பரப்பிலோ அது முழு மூலக்கூறாகவே மந்தமாக ஒட்டியிருக்கும். இது முதல் வேலை. வாயுவும் ஆக்சிஜனும் வினைபுரிய வேண்டிய ஆற்றலைக் கொடுப்பது இரண்டாவது. வேலை முடிந்ததும் மேற்பரப்பில் மிச்சமிருப்பதைக் கிளப்பி அனுப்பி, சென்சாரைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது மூன்றாவது. காற்றின் ஈரத்தைப் பரப்பில் தங்கவிடாமல் உலர்த்துவதோடு, வெளியே வெயிலோ குளிரோ படலத்தின் வெப்பநிலையை நிலையாக வைத்திருப்பது நான்காவது.

அறை வெப்பநிலை சென்சாரை மேம்படுத்துவது என்றால் இந்த நான்கு வேலைகளுக்கும் மாற்று வழி தேடுவதுதான். முதல் இரண்டுக்கும் நல்ல வழிகள் நிறைய கிடைத்துவிட்டன. மூன்றாவதும் நான்காவதும் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்பில் முதல் இரண்டைப் பற்றிய எண்கள்தான் பெரும்பாலும் பளிச்சென்று இருக்கும். புதிதாக வருபவர்கள் ஏமாறும் இடம் இது.

மூன்றாவது வேலையை ஒரு கணக்கோடு பார்த்தால் சிக்கலின் அளவு புரியும். ஒரு மூலக்கூறு பரப்பை விட்டுக் கிளம்ப 1 எலக்ட்ரான்-வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் தேவை என்று வைத்துக்கொள்வோம். 300 டிகிரியில் அது ஒரு நொடியில் கிளம்பிவிடுகிறது என்றால், 25 டிகிரியில் எவ்வளவு நேரமாகும்? மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால், வேக விகிதம் பத்து கோடி மடங்குக்கு மேல் குறைகிறது. ஒரு நொடி நான்கு வருடமாகிறது! தேவையான ஆற்றல் பாதியாக, அதாவது அரை எலக்ட்ரான்-வோல்ட்டாக இருந்தால் அதே ஒரு நொடி மூன்று மணி நேரமாகிறது. வாயு பரப்போடு எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறதோ அவ்வளவு நல்ல சிக்னல் கிடைக்கும். ஆனால் அதே இறுக்கம்தான் சென்சாரை ஒருமுறைக்குப் பிறகு உபயோகமில்லாமல் செய்கிறது. இந்த இழுபறியைச் சமாளிப்பதில்தான் அறை வெப்பநிலை சென்சாரின் முக்கால்வாசி உழைப்பும் போகிறது.

மாற்று வழிகள்

மணியைச் சிறிதாக்குவதைச் சொல்லிவிட்டேன். அதோடு படலம் நுண்துளைகள் நிறைந்ததாக இருந்தால் வாயு உள்ளே வரை போகும். இறுக்கமான, வழுவழுப்பான படலத்தில் மேல் பரப்பு மட்டும்தான் வேலை செய்யும். கீழே இருக்கும் தடிமன் முழுதும் மாற்றமே இல்லாத ஒரு தனிப் பாதையாக இருந்து சிக்னலை அமுக்கிவிடும். கண்ணாடி போல மின்னும் அழகான படலத்தைவிட, நுண்நோக்கியில் சொரசொரப்பாகத் தெரியும் படலம் பெரும்பாலும் நல்ல சென்சாராக அமைவது இதனால்தான்.

அடுத்தது வினையூக்கி. பல்லேடியம், பிளாட்டினம், தங்கம், வெள்ளி இவற்றில் ஒன்றைச் சில நானோமீட்டர் துகள்களாக ஆக்சைடின்மேல் தூவுகிறார்கள். பல்லேடியம் ஹைட்ரஜன் மூலக்கூறை அறை வெப்பநிலையிலேயே அணுக்களாகப் பிளந்துவிடும். பிளந்த அணுக்கள் பக்கத்து ஆக்சைடு பரப்புக்கு வழிந்து போய் அங்கே ஒட்டியிருக்கும் ஆக்சிஜனோடு வினைபுரியும். அதாவது இரண்டாவது வேலைக்கு வெப்பத்துக்குப் பதில் உலோகம். தூவும் அளவு முக்கியம். அதிகமானால் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு, மின்சாரம் ஆக்சைடு வழியாகப் போகாமல் உலோகத்தின் வழியாகவே போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி இரண்டு ஆக்சைடுகளைச் சேர்ப்பது. என்-வகை டின் ஆக்சைடின்மேல் பி-வகை காப்பர் ஆக்சைடை மணி மணியாகப் பதித்தால், ஒவ்வொரு தொடுமிடத்திலும் ஒரு பி-என் சந்தி உருவாகும். சந்தியில் எலக்ட்ரான்கள் ஓட முடியாத தடுப்பு எழும்பி, காற்றில் மின்தடை மிக அதிகமாக இருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு வந்ததும் காப்பர் ஆக்சைடு காப்பர் சல்ஃபைடாக மாறுகிறது. அது உலோகம் போலக் கடத்தும். சந்தி இருந்த இடத்தில் சந்தியே இல்லை! தடுப்பு மொத்தமாக விழுந்து, மின்தடை பல மடங்கு இறங்கும். மற்ற வாயுக்கள் காப்பர் ஆக்சைடை இப்படி மாற்றுவதில்லை என்பதால், எந்த வாயு என்று பிரித்தறியும் திறனும் கூடவே கிடைக்கிறது. உயிரைப் பறிக்கும் கழிவுநீர்த் தொட்டி வாயுவுக்கு இதைவிடப் பொருத்தமான பொருளைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அதிலும் மூன்றாவது வேலை இடிக்கிறது. சல்ஃபைடு மறுபடி ஆக்சைடாக மாற வெப்பம் வேண்டும். இதற்கு ஒரு நடைமுறைச் சமரசம் உண்டு: எப்போதும் சூடாக்காமல், வாயுவை அறிந்த பிறகு மட்டும் சில நொடிகள் சூடாக்குவது. சிலிக்கான் சில்லில் செதுக்கிய நுண்ணிய ஹீட்டர்கள் மில்லி நொடிகளில் சூடேறி, சில பத்து மில்லி வாட்டிலேயே வேலையை முடிக்கும். ஹீட்டரே இருக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. பேட்டரி தாங்கினால் போதும்.

மூன்றாவது வேலைக்கு இன்னொரு மாற்று ஒளி. துத்தநாக ஆக்சைடின் ஆற்றல் இடைவெளி, அதாவது கட்டுண்ட எலக்ட்ரானை நடமாட விடுவிக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், சுமார் 3.37 எலக்ட்ரான்-வோல்ட். அதைத் தாண்ட 368 நானோமீட்டர் அலைநீளமோ அதற்குக் குறைவோ கொண்ட ஒளி வேண்டும். கடையில் கிடைக்கும் 365 நானோமீட்டர் புற ஊதா எல்இடி சரியாகப் பொருந்தும். ஒளி பட்டதும் படலத்துக்குள் எலக்ட்ரானும் அது விட்டு வந்த காலியிடமான துளையும் பிறக்கின்றன. துளை மேற்பரப்புக்கு வந்து, அங்கே இறுக்கமாக ஒட்டியிருக்கும் ஆக்சிஜனின் எலக்ட்ரானை எடுத்துக்கொள்கிறது. எலக்ட்ரானை இழந்த ஆக்சிஜன் கிளம்பிப் போகிறது. அதன் இடத்தில் ஒளியின் உதவியால் புதிதாக ஒட்டும் ஆக்சிஜன் அவ்வளவு இறுக்கமாக ஒட்டுவதில்லை. வினைபுரியத் தயாராக இருக்கிறது. பரப்பு புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது. டங்ஸ்டன் ஆக்சைடின் இடைவெளி சுமார் 2.7 எலக்ட்ரான்-வோல்ட் என்பதால் அதற்கு நீல ஒளியே போதும். எல்இடியை இடைவிட்டு எரியவிட்டால் மின்செலவும் குறையும்.

கிராஃபீன் கலந்த படலங்கள், வேறு அணுக்களைக் கலந்த படலங்கள், வேண்டுமென்றே ஆக்சிஜன் காலியிடங்களைக் கூட்டிய படலங்கள் என்று இன்னும் பல உண்டு. எல்லாவற்றிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஹீட்டரின் எந்த வேலைக்கு இது மாற்று?

படலத்தை எப்படிப் பூசுகிறார்கள்

இதற்குக் கோடிக்கணக்கில் செலவு செய்து ஆய்வகம் கட்ட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அயனிகளை மோதவிட்டு அணுக்களைச் சிதறடித்துப் பூசும் ஸ்பட்டரிங் முறைக்கு வெற்றிட அறையும் விலையுயர்ந்த பம்ப்புகளும் வேண்டும், உண்மைதான். ஆனால் ஸ்ப்ரே பைரோலிசிஸ் என்ற முறை ஒரு சாதாரணக் கல்லூரி இயற்பியல் அல்லது வேதியியல் துறைக்கு எட்டக்கூடியது. துத்தநாக அசிடேட்டைத் தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ கரைத்து, சுமார் 400 டிகிரி சூட்டில் இருக்கும் கண்ணாடித் தகட்டின்மேல் மெல்லிய தூறலாகத் தெளிக்கிறார்கள். துளி விழுந்ததும் கரைப்பான் ஆவியாகி, அசிடேட் சிதைந்து, துத்தநாக ஆக்சைடு மட்டும் படிகிறது. தெளிப்பு வேகம், தகட்டின் சூடு, கரைசலின் அடர்த்தி ஆகிய மூன்றையும் மாற்றி மணியின் அளவையும் தடிமனையும் கட்டுப்படுத்தலாம். டின் ஆக்சைடு வேண்டுமென்றால் டின் குளோரைடு கரைசல். அதைத் தெளிக்கும்போது ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், புகையை வெளியே இழுக்கும் ஆய்வகப் புகைக்கூண்டு இல்லாமல் செய்யக் கூடாது.

தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே முறையில் பூசிய துத்தநாக ஆக்சைடு படலம் அறை வெப்பநிலையில் அம்மோனியாவை அறிவதைக் காட்டிக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, பர்கூர் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்கள் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடும்போது இதைத் தயங்காமல் எடுக்கலாம். அம்மோனியாவைத் தேர்ந்தெடுப்பதிலும் பொருள் இருக்கிறது. ஒரு பணியிடத்தில் எட்டு மணி நேர வேலைக்கு 25 பிபிஎம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 300 பிபிஎம் உடனடி ஆபத்தின் எல்லை. குளிர்பதனக் கிடங்கு நம் ஊரிலேயே இருக்கிறது. அம்மோனியா காற்றைவிட இலேசானது என்பதால் அதற்கான சென்சாரை உயரத்தில் மாட்ட வேண்டும் என்பதையும், எல்பிஜி கனமானது என்பதால் தரைப்பக்கம் மாட்ட வேண்டும் என்பதையும் இந்த வேலையினூடே கற்றுக்கொள்ளலாம்.

எத்திலீனுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அது அம்மோனியா போல எளிதில் வினைபுரியாது. அறை வெப்பநிலையில் ஆக்சைடு படலம் அதற்குக் காட்டும் மாற்றம் மிகச் சிறியது. பழம் பழுக்கும் அறையில் ஈரப்பதமும் அதிகம். முதல் ப்ராஜெக்ட்டாக அதை எடுப்பது கடினமான வழி.

வெயிலும் ஈரமும்

நான்காவது வேலையைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், நம் மாவட்டங்களில் அது தனிச் சோதனையாக இருப்பதுதான். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி விடியற்காலையில் 15 டிகிரியை ஒட்டி இருக்கும். தருமபுரியில் சித்திரை மதியம் 38 டிகிரி சாதாரணம். இரண்டுமே 'அறை வெப்பநிலை'தான். குறைக்கடத்தியின் மின்தடை வெப்பத்தோடு தானாகவே குறையும். கடத்தலின் தூண்டல் ஆற்றல், அதாவது மின்சாரம் ஓட எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை, 0.3 எலக்ட்ரான்-வோல்ட்டாக இருக்கும் ஒரு படலத்தை எடுத்துக்கொண்டால், 15 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குப் போகும்போது, எந்த வாயுவும் இல்லாமலேயே மின்தடை சுமார் 2.4 மடங்கு குறைந்துவிடும். துலங்கல் 2.4 என்று காட்டும் ஒரு பொய் அலாரம்! 300 டிகிரியில் வைத்திருந்த ஹீட்டர் இந்தத் தொல்லையை வெகுவாக மறைத்து வைத்திருந்தது.

வழி உண்டு. பக்கத்திலேயே ஒரு தெர்மிஸ்டர் வைத்து வெப்பநிலையை அளந்து கணக்கில் கழிக்கலாம். அல்லது ஒரே மாதிரி இரண்டு படலங்களைப் பூசி, ஒன்றை வாயு புகாமல் மூடிவிட்டு, இரண்டையும் வீட்ஸ்டன் சமனச் சுற்றில் இணைக்கலாம். வெப்பம் இரண்டையும் ஒரே மாதிரி மாற்றும். வாயு ஒன்றை மட்டும் மாற்றும். பள்ளியில் படித்த வீட்ஸ்டன் சுற்றுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது.

ஈரம் இதைவிடச் சிக்கலானது. குளிர்ந்த ஆக்சைடு பரப்பில் நீர் மூலக்கூறுகள் அடுக்கடுக்காகப் படியும். அந்த அடுக்கின் வழியே புரோட்டான்கள் தாவித் தாவிப் போய்த் தனியாக மின்சாரத்தைக் கடத்தும். வாயு ஒட்ட வேண்டிய இடங்களையும் நீர் பிடித்துக்கொள்ளும். அம்மோனியா நீரில் நன்றாகக் கரையும் என்பதால் சில படலங்களில் ஈரம் சிக்னலைக் கூட்டியும் காட்டும். எது நடக்கிறது என்பது படலத்தைப் பொறுத்தது. வறண்ட காற்றில், 25 டிகிரியில், ஒரே ஒரு நாள் எடுத்த அளவை வைத்து ஒரு சென்சார் அருமை என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. ஐப்பசி மழையில் கிணற்றடியில் அது என்ன சொல்லும் என்பது தெரியாதவரை அதை நம்பி யாரும் எங்கும் இறங்கக் கூடாது.

இன்று உள்ளே இறங்குபவருக்குத் தேவை, சான்றளிக்கப்பட்ட பலவாயு மீட்டரும், பாதுகாப்புக் கயிறும், மேலே நிற்கும் ஆளும். அந்த மீட்டர்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் கார்பன் மோனாக்சைடையும் அளப்பது பெரும்பாலும் மின்வேதி செல். அது ஹீட்டர் இல்லாமலே ஓடும், நம்பகமானது. ஆனால் விலை அதிகம், இரண்டு மூன்று வருடத்தில் செல்லை மாற்ற வேண்டும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சென்சார் மலிவாகிவிட்டது என்பது ஆளை இறக்குவதற்கு ஒரு சாக்காகிவிடக் கூடாது. தொட்டிக்கு இயந்திரம்தான் போக வேண்டும். கிணற்றுக்கும் கிடங்குக்கும் மலிவான சென்சார் வரட்டும்.

ப்ராஜெக்ட் செய்யப் போகிறவர்களுக்குக் கடைசியாகச் சில நடைமுறைக் குறிப்புகள். துலங்கலை மட்டும் எழுதாதீர்கள். வாயு பட்டு 90 சதவீத மாற்றம் வர எத்தனை நொடி, வாயுவை வெளியேற்றியபின் 90 சதவீதம் பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை நொடி என்று இரண்டையும் எழுதுங்கள். அதே சோதனையை ஒரு மாதம் கழித்து மறுபடி செய்யுங்கள். அம்மோனியாவோடு எத்தனால், அசிட்டோன் ஆவிகளையும் தனித்தனியாகச் செலுத்திப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி துள்ளும் சென்சாரால் பயன் குறைவு.

ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த விலையுயர்ந்த கருவி இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். மூடிய பெட்டிக்குள் ஒரு கிண்ணத்தில் கரையாத உப்பு அடியில் தங்கும் அளவுக்குச் சமையல் உப்பைக் கரைத்து வைத்தால், சில மணி நேரத்தில் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிலைத்துவிடும். மெக்னீசியம் குளோரைடு கரைசல் 33 சதவீதத்திலும், பொட்டாசியம் சல்ஃபேட் கரைசல் 97 சதவீதத்திலும் நிறுத்தும். அம்மோனியா இந்தக் கரைசல்களில் கரைந்துவிடும் என்பதால், ஈரப்பதம் நிலைத்து, படலத்தின் மின்தடையும் நிலைத்தபின் கிண்ணத்தை மூடிவிட்டு வாயுவைச் செலுத்துங்கள். மூன்று உப்பிலும் ஒரு முறை காலையில், ஒரு முறை நண்பகலில் அளந்து, அன்றைய வெப்பநிலையையும் பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.